அல் கபோனை வரி வழக்கில் மாட்டியது எப்படி, அது நியாயம்தானா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: "அத்தனை கொலைகளுக்குக் காரணமான அல் கபோனை ஒரு கொலை வழக்கில்கூட உள்ளே தள்ள முடியவில்லை. கடைசியில் வருமான வரி கட்டவில்லை என்று சொல்லி ஜெயிலில் போட்டார்களாம். கள்ளச்சாராயப் பணத்துக்கு எப்படி வரி கேட்க முடியும்? இது ஜோடித்த வழக்கு மாதிரி இல்லையா?" படிக்கும்போது ஒரே கேள்வியாகத் தெரியும். உள்ளே மூன்று இருக்கின்றன. கொலைக்கு ஏன் தண்டிக்க முடியவில்லை, சட்டவிரோத வருமானத்துக்கு வரி உண்டா, எதிலும் கையெழுத்தே போடாத ஒருவனுக்கு இவ்வளவு வருமானம் வந்தது என்று கோர்ட்டில் எப்படி நிரூபித்தார்கள். மூன்றாவதுதான் சுவாரசியமானது. உங்கள் சந்தேகத்துக்குப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

நான் பல வருடங்களாக வருமான வரி வேலை பார்ப்பவன். ரிட்டர்ன் போடுவது, நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது, அதிகாரி முன்னால் உட்கார்ந்து "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது" என்ற கேள்விக்குக் கட்சிக்காரர் சார்பில் விளக்கம் சொல்வது, இதுதான் தொழில். அமெரிக்க வக்கீல் இல்லை. அதனால் கணக்கு, சாட்சியம், தீர்ப்பு ஆகியவற்றை அழுத்திச் சொல்கிறேன். தாதாக்களின் உள்விவகாரத்தில் ஊர்ஜிதமானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வதந்தியாக உலவுவதை வதந்தி என்றே குறிப்பிடுகிறேன்.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அல்போன்ஸ் கபோன் 1899 ஜனவரி 17-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தான். அப்பா கேப்ரியேல் முடிதிருத்துபவர். குடும்பம் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்தது, பலர் நினைப்பதுபோல் சிசிலியிலிருந்து அல்ல. பதினான்கு வயதில் ஆசிரியரை அடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டான். கோனி ஐலண்டில் ஒரு மதுக்கடையில் வேலை பார்த்தபோது ஒரு பெண்ணைப் பார்த்துத் தகாத வார்த்தை சொல்ல, அவளுடைய அண்ணன் கத்தியால் கன்னத்தில் கீறினான். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது, புகைப்படக்காரர்களுக்கு எப்போதும் மறுபக்கத்தைத்தான் காட்டுவான். ஜானி டோரியோ என்ற மூத்த தாதா அவனைச் சிகாகோவுக்கு வரவழைத்தார். அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1920 ஜனவரி 17. அன்றைக்குக் கபோனுக்கு இருபத்தொரு வயது பூர்த்தி. பீரும் விஸ்கியும் ஒரே நாளில் கடத்தல் சரக்கு ஆகிவிட்டன, குடிப்பவர்கள் குறையவில்லை. 1925 ஜனவரியில் எதிர்க் கூட்டத்தினர் டோரியோவைச் சுட்டார்கள். உயிர் பிழைத்த டோரியோ தொழிலையே விட்டு ஒதுங்க, மதுபான ஆலைகள், சூதாட்ட விடுதிகள், விபச்சார விடுதிகள் எல்லாம் சேர்ந்த அந்த ராஜ்யம் இருபத்தாறு வயது கபோனிடம் வந்தது.

இனி முதல் கேள்வி. அமெரிக்காவில் கொலை என்பது மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். விசாரிக்க வேண்டியது உள்ளூர் போலீஸ், வழக்கு நடத்த வேண்டியது உள்ளூர் அரசு வக்கீல். சிகாகோவில் போலீஸ்காரரிலிருந்து வார்டு அரசியல்வாதி வரை மாமூல் போய்க்கொண்டிருந்தது. சாட்சி சொல்ல வருபவர் வீடு திரும்புவாரா என்பதே நிச்சயமில்லை. 1926 ஏப்ரலில் வில்லியம் மெக்ஸ்விகின் என்ற உதவி அரசு வக்கீலையே சிசரோ என்ற புறநகரில் ஒரு மதுக்கடை வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழக்கே எங்கேயும் போய்ச் சேரவில்லை. 1929 பிப்ரவரி 14-ல் வடக்கு கிளார்க் தெருவில் ஒரு கார் ஷெட்டில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்களில் சிலர் போலீஸ் உடையில் வந்தவர்கள். கபோன் அப்போது ஃபுளோரிடாவில் இருந்தான். அதே வருடக் கடைசியில் ஃபிரெட் பர்க் என்பவனின் வீட்டில் கிடைத்த தாம்சன் துப்பாக்கிகளைச் சோதித்தபோது அவை அந்தப் படுகொலையில் பயன்பட்டவை என்று தெரிந்தது. அப்படியிருந்தும் அந்த ஏழு கொலைகளுக்காக யாருமே தண்டனை பெறவில்லை. பர்க் ஆயுள் தண்டனை அனுபவித்தது வேறொரு சம்பவத்தில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதற்காக. கபோன்தான் உத்தரவிட்டான் என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள், எந்தக் கோர்ட்டிலும் அது நிரூபணமாகவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மத்திய அரசின் கையில் இருந்த ஆயுதங்கள் குறைவு. ஒரு தாதா கூட்டத்தையே ஒரு குற்ற நிறுவனமாகப் பாவித்துத் தலைவனை விசாரிக்கும் சட்டம் 1970-ல்தான் வந்தது. கபோன் காலத்தில் மத்திய அரசு தொடக்கூடியவை மதுவிலக்குச் சட்டமும் வரிச் சட்டமும்தான். ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் 1929-ல் பதவிக்கு வந்த சூட்டோடு, அந்த ஆளை எப்படியாவது பிடியுங்கள் என்று நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலனை நெருக்கினார். ஆக, அரசு முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்தது, பிறகுதான் சட்டப் பிரிவைத் தேடியது என்று நீங்கள் சொன்னால் அதை மறுக்க மாட்டேன். ஆனால் பிரிவைத் தேடிப்போனதாலேயே குற்றம் பொய்யாகிவிடாது. குற்றம் நிஜமா இல்லையா என்பதை ஆதாரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது. அமெரிக்காவின் 1913-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சட்டபூர்வமான தொழிலிலிருந்து வரும் வருமானம் என்று இருந்தது. 1916-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 1927 மே மாதம், தென் கரோலினாவைச் சேர்ந்த ஒரு கள்ளச்சாராய வியாபாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: தொழில் சட்டவிரோதம் என்பதற்காக வருமானத்துக்கு விலக்குக் கிடையாது. "ரிட்டர்ன் போட்டால் என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், அரசியல் சாசனம் அதிலிருந்து என்னைக் காக்கிறது" என்று அந்த வியாபாரி வாதிட்டிருந்தார். ரிட்டர்னைப் போடு, அதில் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் மாட்டிக்கொள்வாயோ அதற்கு அங்கேயே ஆட்சேபணை எழுப்பு, ரிட்டர்னே போடாமல் இருக்க உரிமை இல்லை என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். யோசித்துப் பார்த்தால் இதற்கு எதிரான நிலைதான் அநியாயம். ஒழுங்காகக் கடை நடத்துபவர் வரி கட்ட வேண்டும், கள்ளக் கடை நடத்துபவன் கட்ட வேண்டாம் என்றாகிவிடும். நம் நாட்டிலும் சட்டம் இதே வழியில்தான் போகிறது. ஒரு காலத்தில் இன்னும் ஒருபடி மேலேயும் போனது. தங்கக் கடத்தலுக்காக எல்லை தாண்டியவரிடம் பறிமுதலான பணத்தை, அந்தக் கடத்தல் தொழிலின் நஷ்டமாகக் கழித்துக்கொள்ள 1980-ல் நம் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. வரிச் சட்டம் பணத்தைப் பார்க்கிறது, அதைச் சம்பாதித்தவனின் யோக்கியதையைப் பார்ப்பதில்லை.

இப்போது நிரூபணம். கபோனுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. செக்கில் கையெழுத்துப் போடுவதில்லை. சொத்து அவன் பெயரில் இல்லை. மயாமியில் பாம் ஐலண்ட் வீட்டை 1928-ல் நாற்பதாயிரம் டாலருக்கு வாங்கியபோது முன்னால் நின்றது ஒரு ஹோட்டல் மேனேஜர், பிறகு வீடு மனைவி மே பெயருக்குப் போனது. நம் ஊரில் பினாமி என்போமே, அதேதான். எல்லாம் ரொக்கம். வருமானம் வரும் வழி முழுக்க இருட்டு. இப்படிப்பட்ட கேஸில் எந்த வரி அதிகாரியும் மறுமுனையிலிருந்துதான் தொடங்குவார். வருவதை மறைக்கலாம், செலவை மறைப்பது கஷ்டம். கடைக்காரர் பில் போட்டிருப்பார், டெலிபோன் கம்பெனி பதிவு வைத்திருக்கும், கட்டட வேலை செய்தவருக்குக் கூலி வாங்கியது ஞாபகம் இருக்கும்.

வருவாய்த் துறையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைவர் எல்மர் ஐரி. அவர் சிகாகோவுக்கு அனுப்பிய ஆள் ஃபிராங்க் வில்சன், கண்ணாடி போட்ட, கணக்கில் ஊறிய மனிதர். வில்சன் குழு கடை கடையாக ஏறி இறங்கியது. பின்னால் விசாரணையில் வரிசையாகச் சாட்சி சொன்னவர்களைப் பாருங்கள்: மார்ஷல் ஃபீல்ட் கடையின் விற்பனையாளர், தையற்காரர், கறிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், ஹோட்டல் ஊழியர்கள், டெலிபோன் கம்பெனி ஊழியர், ஃபுளோரிடா வீட்டில் வேலை செய்த காண்டிராக்டர். நூற்று முப்பத்தைந்து டாலர் சூட்டுகள், பெயரெழுத்துப் பொறித்த சட்டைகள், வைரம் பதித்த பெல்ட் பக்கிள்கள், ஒன்று பன்னிரண்டு டாலர் விலையுள்ள இத்தாலியப் பட்டு உள்ளாடைகள். 1931-ல் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில். ஜூரி பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் சிகாகோவுக்கு வெளியே சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். அந்தப் பட்டு உள்ளாடைக் கணக்கு அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் செலவு மட்டும் போதாது, இதைத் தொழில்காரனாகச் சொல்கிறேன். செலவைக் காட்டினால் "கடன் வாங்கினேன், பழைய சேமிப்பு, நண்பன் கொடுத்தான்" என்று பதில் வரும். வருமானம் வந்த ஊற்று ஒன்றையாவது தொட்டுக் காட்ட வேண்டும். அந்த ஊற்று சிசரோவில் இருந்த ஹாதார்ன் ஸ்மோக் ஷாப். பெயருக்குச் சுருட்டுக் கடை, உள்ளே குதிரைப் பந்தயமும் சூதாட்டமும். மெக்ஸ்விகின் கொலைக்குப் பிறகு நடந்த ரெய்டுகளில் அங்கிருந்த பேரேடுகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் பிரித்துப் பார்க்காமல் வருடக்கணக்கில் ஒரு மூலையில் கிடந்தன. 1930-ல் ஒரு நாள் இரவு வேறு எதையோ தேடப்போன வில்சன் கையில் அந்தக் கட்டு அகப்பட்டது. அன்றாட வரவு, செலவு, லாபம், பங்குதாரர்களுக்குப் பிரித்த தொகை எல்லாம் சுத்தமான கையெழுத்தில். பங்கு வாங்கியவர்கள் முதலெழுத்தாக மட்டும் இருந்தார்கள். ஓரிடத்தில் மட்டும் அல் என்பவருக்காகப் பதினேழாயிரத்து ஐந்நூறு டாலர் கொடுத்ததாக ஒரு பதிவு. கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவன் எங்கே உட்கார்ந்தாலும் ஒழுங்காகத்தான் எழுதுவான், அது திருட்டுக் கணக்காக இருந்தாலும். அந்த ஒழுங்குதான் வில்சனுக்குக் கைகொடுத்தது.

கையெழுத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டு, எழுதியவர் லெஸ்லி ஷம்வே என்று கண்டுபிடித்தார்கள். 1931 தொடக்கத்தில் அவரை மயாமியில் பிடித்தார்கள், அங்கே ஒரு நாய்ப் பந்தய மைதானத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண குமாஸ்தா. சாட்சி சொன்னால் கபோன் ஆட்கள் கொல்வார்கள், சொல்லாவிட்டால் சம்மன் ஊரறிய வரும், அப்போதும் அவர்கள் சும்மா விடமாட்டார்கள். கடைசியில் சொல்ல ஒப்புக்கொண்டார். இரண்டு வருடத்துக்குள் அந்த ஒரு கடையின் லாபம் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் என்று அவருடைய பேரேடே பேசியது. இன்னொருவர் ஃபிரெட் ரீஸ், சூதாட்ட விடுதிப் பணத்தைப் பொய்ப் பெயரில் வங்கி டிராஃப்ட்டாக மாற்றிக் கொடுத்த காசாளர். வாயே திறக்காதவரை மூட்டைப்பூச்சி நிறைந்த ஒரு சிறைக்கு வேண்டுமென்றே அனுப்பியதாகவும், பூச்சி என்றாலே நடுங்குபவர் சில நாளில் பேசிவிட்டதாகவும் வில்சன் பிற்காலத்தில் சொன்னார். இன்று அப்படி வாங்கும் வாக்குமூலத்தை நான் எதிர்த்து நிற்பேன். பிறகு ரீஸைப் பாதுகாப்புக்காகத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பி, சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் அழைத்து வந்தார்கள்.

கடை கபோனுடையது என்பதற்குக் கிடைத்த சாட்சியம் ஒரு சின்ன நாடகம் போல இருக்கும். 1925 மே மாதம், கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் நடந்த சனிக்கிழமை. ஹென்றி ஹூவர் என்ற பாதிரியார், சூதாட்டத்தைச் சகிக்காத சில ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஸ்மோக் ஷாப்பில் ரெய்டு நடத்தவைத்தார். பக்கத்து ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருந்த கபோன் சவரம்கூடச் செய்யாமல் பைஜாமா சட்டையோடு ஓடி வந்தான். ரெய்டுக்குப் போனவர்களில் ஒருவராகக் கதவைக் காத்து நின்ற செஸ்டர் பிராக் அவனை உள்ளே விட மறுத்தார். நான்தான் இந்த இடத்துக்கு ஓனர் என்று கபோன் கத்தினான். ஆறு வருடம் கழித்துப் பிராக் அதைக் கோர்ட்டில் சொன்னபோது அந்த ஒரு வாக்கியம் பேரேட்டையும் ஆளையும் முடிச்சுப் போட்டுவிட்டது. பங்குப் பத்திரம் எதுவும் இல்லாத தொழிலில் உரிமையாளர் யார் என்று நிரூபிக்க இதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது அரிது. அன்றைக்கு ரெய்டுக்குப் போனவர்கள் அடியும் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இந்த வழக்கில் எனக்கு மதிப்பு பொங்குவது இந்தச் சாதாரண ஆட்கள் மேல்தான்.

அடுத்தது, என் போன்றவர்கள் பாடமாகப் படிக்க வேண்டிய விஷயம். 1930-ல் கபோனின் அண்ணன் ரால்ஃபும் கூட்டாளிகளும் வரி வழக்கில் ஒவ்வொருவராக மாட்டத் தொடங்கியதும், கபோன் தன் கணக்கைச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ள லாரன்ஸ் மாட்டிங்லி என்ற வரி வக்கீலை அமர்த்தினான். ஏப்ரலில் இருவரும் வருவாய்த் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறீர்களா, இல்லை. வங்கிக் கணக்கு, இல்லை. மற்றதற்கெல்லாம் என் வக்கீல் பதில் சொல்வார். அந்த மட்டில் கபோன் கவனமாகத்தான் இருந்தான். செப்டம்பரில் மாட்டிங்லி ஒரு கடிதம் கொடுத்தார். 1926-ல் இருபத்தாறாயிரம் டாலருக்கு மிகாமல், 1927-ல் நாற்பதாயிரத்துக்கு மிகாமல், 1928, 1929-ல் தலா ஒரு லட்சத்துக்கு மிகாமல் என் கட்சிக்காரருக்கு வருமானம் இருந்திருக்கலாம் என்று அதில் இருந்தது. இதை வைத்து யாரும் வழக்குப் போடக் கூடாது என்ற தோரணையில் ஒரு முன்குறிப்பும் எழுதியிருந்தார். நீதிபதி அந்தக் கடிதத்தைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டார். மொத்த வருமானம் ஐயாயிரம் டாலர் இருந்தாலே ரிட்டர்ன் போட வேண்டும் என்பது அன்றைய சட்டம். கபோன் போட்டதே இல்லை. ஆக, ரிட்டர்ன் போடாத குற்றத்தைப் பொறுத்தவரை அரசு வக்கீல் செய்ய வேண்டிய வேலையில் பாதியை எதிர்த்தரப்பு வக்கீலே முடித்துக் கொடுத்துவிட்டார். சமரசத்துக்குப் போகிறவர் தொகையை எழுத்தில் கொடுக்கும் முன் ஆயிரம் தடவை யோசிக்க வேண்டும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கடிதத்தைத்தான் உதாரணம் காட்டுவேன்.

1931-ல் இருபத்துமூன்று குற்றச்சாட்டுகள். அரசு கணக்குப்படி, ஐந்தாறு வருடத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம், ஏறத்தாழ இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் டாலர் வரி பாக்கி. மத்திய அரசு வக்கீல் ஜார்ஜ் ஜான்சன் இரண்டரை வருடத் தண்டனைக்குப் பேரம் பேசி முடித்திருந்தார், சாட்சிகள் உயிரோடு கோர்ட்டுக்கு வந்து சேர்வார்களா என்ற கவலை அவருக்கு. கபோனும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆனால் நீதிபதி ஜேம்ஸ் வில்கர்சன், மத்திய நீதிமன்றத்தோடு பேரம் பேச முடியாது என்று சொல்லிவிட்டார். கபோன் ஒப்புதலை வாபஸ் வாங்கினான், விசாரணை அக்டோபர் 6-ல் தொடங்கியது. கபோன் தரப்பின் பிரதான வாதம், ஜெயித்ததையெல்லாம் குதிரைப் பந்தயத்தில் தோற்றுவிட்டார் என்பது. பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளைக் கூட்டி வந்து எவ்வளவு தோற்றார் என்று சொல்லவைத்தார்கள். வரிச் சட்டப்படி சூதாட்ட நஷ்டத்தைச் சூதாட்ட லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். அதோடு, இவ்வளவு தோற்றான் என்றால் தோற்பதற்கு அவ்வளவு பணம் இருந்தது என்று அர்த்தம். அரசுத் தரப்புக்கு அதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை.

அக்டோபர் 17 இரவு ஜூரி தீர்ப்புச் சொன்னது. இருபத்துமூன்றில் ஐந்தில் மட்டும் குற்றவாளி: 1925, 1926, 1927 ஆண்டுகளுக்கு வரி ஏய்ப்பு, 1928, 1929 ஆண்டுகளுக்கு ரிட்டர்ன் போடாதது. மற்ற பதினெட்டில் விடுதலை. ஜோடித்த வழக்கு என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்கும் ஜூரி இப்படிப் பிரித்துப் பார்க்காது. அக்டோபர் 24-ல் வில்கர்சன் பதினோரு வருடச் சிறையும் ஐம்பதாயிரம் டாலர் அபராதமும் விதித்தார். வரிக் குற்றத்துக்கு அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

தண்டனையின் அளவில்தான் எனக்கு நெருடல் உண்டு. பதினோரு வருடத்தில் கொலைகளின் நிழல் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் பேசுவதில்லை. வரி ஏய்ப்பு வழக்குக்குக் காலவரம்பு மூன்று வருடமா ஆறு வருடமா என்பது அன்று தெளிவாக இல்லை. ஆறு என்று எடுத்துக்கொண்டுதான் வழக்கு நடந்தது. 1932 ஏப்ரலில் வேறொருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வருடம்தான் என்று சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டுகள் காலாவதியாகிவிட்டன என்று வாதிட நல்ல இடம் இருந்தது. கபோன் ஆட்கொணர்வு மனு போட்டான். காலவரம்பு என்பது விசாரணையின்போதே எழுப்ப வேண்டிய தற்காப்பு, பிறகு அதைச் சொல்லி வெளியே வர முடியாது என்று 1933-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கஷ்டம். ஆனால் உங்கள் கேள்விக்கு வலு சேர்க்கும் வாதம் ஒன்று வேண்டுமென்றால் அது இங்கேதான் இருக்கிறது. வழக்கு பொய் கிடையாது, வருமானமும் பொய் கிடையாது. இன்னும் திறமையான வக்கீல் வாய்த்திருந்தால் தண்டனை கணிசமாகக் குறைந்திருக்கலாம்.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கபோனை வீழ்த்தியவர் மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ் என்று நினைப்பவர்கள் நிறைய. நெஸ்ஸும் அவர் ஆட்களும் சாராய ஆலைகளை உடைத்தது உண்மை, லஞ்சத்துக்கு மசியவில்லை என்பதும் உண்மை. அவர் திரட்டிய ஆதாரத்தில் போட்ட மதுவிலக்கு வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ஜூரிப் பட்டியலில் இருந்தவர்களை விலைக்கு வாங்கிவிட்டார்கள், நீதிபதி கடைசி நிமிடத்தில் ஜூரியையே மாற்றினார் என்ற கதையில், ஜூரி மாற்றம் பலராலும் பதிவானது. எத்தனை பேருக்கு லஞ்சம் போனது என்ற பகுதி பெரும்பாலும் வில்சன் தரப்புச் சொன்னதை நம்பித்தான் நிற்கிறது. விருந்து கொடுத்து, பேஸ்பால் மட்டையால் மூன்று பேரை அவனே அடித்துக் கொன்றான் என்பதற்கு உறுதியான சாட்சி யாரும் இல்லை. வருடத்துக்குப் பத்துக் கோடி டாலர் சம்பாதித்தான் என்று எழுதுகிறார்கள். அது மொத்தக் கூட்டத்தின் வரவு பற்றி அந்தக் காலத்து அதிகாரிகள் போட்ட மதிப்பீடு, கபோன் பையில் விழுந்த தொகை அல்ல. கோர்ட்டில் நின்ற தொகையோடு ஒப்பிட்டாலே வித்தியாசம் புரியும்.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1932 மே மாதம் அட்லாண்டா சிறை, 1934 ஆகஸ்டில் புதிதாகத் திறந்த அல்கட்ராஸ். அங்கே எண்பத்தைந்தாம் நம்பர் கைதி, சலுகை எதுவும் கிடையாது. இளமையில் பிடித்த மேகநோய் மூளைக்கு ஏறிவிட்டதை 1938-ல் டாக்டர்கள் உறுதி செய்தார்கள். 1939 நவம்பரில் விடுதலையானபோது பழைய கபோனாக இல்லை. 1947 ஜனவரி 25-ல் பாம் ஐலண்ட் வீட்டில் நாற்பத்தெட்டு வயதில் இறந்தான்.

நியாயம்தானா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் அபிப்பிராயம்: வரிக் குற்றத்துக்கு வரி வழக்கு நியாயமே. கிளார்க் தெருவில் இறந்த ஏழு பேருக்கு அது நியாயம் வழங்கவில்லை, மெக்ஸ்விகினுக்கும் வழங்கவில்லை. கூட்டத்தையும் அது கலைக்கவில்லை. ஃபிராங்க் நிட்டி, பால் ரிக்கா, டோனி அக்கார்டோ என்று தலைமை கைமாறி ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள், ரிட்டர்ன் போட ஆரம்பித்தார்கள். அக்கார்டோ தன்னைப் பீர் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி என்று காட்டிக்கொண்டு, தன் மெர்சிடிஸ் ஸ்போர்ட்ஸ் காரின் செலவைத் தொழில் செலவாகக் கழித்திருந்தான். 1960-ல் அதற்காக ஆறு வருடம் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1962 மறுவிசாரணையில் விடுதலையும் ஆனான்.